நாலு காம்பரா

படம் வரவில்லை. கல்வி அலுவலகத்தில்
"அடுத்த தவணை பார்ப்பம்" என்றார்கள்.
ஆகவே கையை மூடச் சொன்னேன்.
இருபத்துமூன்று கை மூடிற்று, சிலதில் இன்னும் பிஸ்கட்.
இவ்வளவுதான் உங்கள் இதயம் என்றேன்.
யதுர்ஷா இரண்டையும் மூடி
எது பெரிது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே நாலு அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு.
"நாலு காம்பராவா டீச்சர்? ஒரே ஆளுக்கா?"
டிலுக்சன் வீட்டில் ஒரு காம்பரா, ஏழு பேர்.
ஆமாம் என்றேன். கதவும் உண்டு,
போக மட்டும் திறக்கும், திரும்ப விடாது.
வலப்பக்கக் குருதி நுரையீரலுக்குப் போய்
காற்று வாங்கிக்கொண்டு இடப்பக்கம் வரும்;
அங்கிருந்து ஒரே தள்ளு, கால் பெருவிரல் வரை.

நம்பவில்லை.
எங்கள் பள்ளிக்கு மைதானம் இல்லை, நூற்றுப்பன்னிரண்டு படி இருக்கிறது.
ஏறி இறங்கினார்கள்.
புனல் செருகிய குழாய்த் துண்டை
ஒருவர் நெஞ்சில் ஒருவர் வைத்துக் கேட்டார்கள்.
லிந்துலைக் காற்று தகரத்தைத் தட்டுவதுகூடக் கேட்டது,
அப்படி ஓர் அமைதி.

"போயாவுக்கு லீவா அதுக்கு?"
இல்லை.
"ராவைக்கு?"
இல்லை.
சனோஜன் காதிலிருந்து குழாயை எடுக்காமல்:
"அப்ப கிலோ குறைஞ்சா
அதுக்கும் அரைப் பேரா டீச்சர்?"

மேல்மலையில் கொழுந்து நிறுக்கச் சங்கு ஊதியது.
அவன் அம்மா அந்த வரிசையில் நிற்பாள்.
வெண்கட்டியை வைத்துவிட்டுப்
புனலை என் நெஞ்சில் பிடித்தேன்.
நீயே கேள்.

"ஓடுது டீச்சர்" என்றான்.
"படி ஏறாமலே."