இவருக்குப் பதில் இவர்

எட்டரை மணித் தொடரில் மூத்த அண்ணன்
மாடிப்படி ஏறும்போது ஒருவர்,
இறங்கும்போது வேறொருவர்.
நடுவில் திரையின் அடியில் நாலு நொடி:
இவருக்குப் பதில் இவர்.

மாமா பேப்பரை இறக்கினார்.
தொடரெல்லாம் அவர் பார்ப்பதில்லை.
காலையில் படித்த அதே பேப்பரை
இரவு எட்டரைக்கு மறுபடி படிப்பார், அவ்வளவுதான்.
"ஏனம்மிணி, அவன் எங்க போனான்?
சம்பளம் சேத்திக் கேட்டிருப்பானோ?
போன்ல பாத்துச் சொல்லு."

நான் சாப்பாட்டு மேசையில்
ரசக் குண்டாவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே
ஹெட்செட் மாட்டிக்கொண்டு
ஒன்பது வருடத்தை நாலு கூட்டத்தில்
அபினேஷிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.
சனிக்கிழமை. மூன்றாவது கூட்டம்.

பெருந்துறைப் பையன், சென்னை ஆபீஸ்.
எல்லாவற்றுக்கும் "சரிங்க்கா" என்றவன்
எழுநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றான்.
"இது எதுக்குங்க்கா, சும்மா ரெண்டு நொடி
தூங்க வெச்சிருக்கீங்க?"
தொடாதே என்றேன்.
ஏன் என்றான்.
எனக்கு முன்னால் இருந்த ரெபேக்கா தொடாதே என்றாள்.
அவளுக்கு யார் சொன்னார்களோ.
அந்த இரண்டு நொடியைப் பிடித்துக்கொண்டுதான்
பதினோராயிரம் பேர் சம்பளம்
மாதாமாதம் கடைசி வெள்ளி வங்கி ஏறுகிறது.

கீழ்வீட்டிலிருந்து குரல்:
"தண்ணி வந்துருச்சுங்கோ!"
ஒன்பது நாள் கழித்து சிறுவாணி.
மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துத்தான்
குடத்தை எடுத்தேன்.
தவலை, வாட்டர் கேன், பாப்பாவின் குளியல் வாளி,
"மாமா, அவன் அழுவறத அப்பறம் பாக்கலாம்,
அந்த மூடியக் குடுங்க"
எல்லாம் கேட்டிருக்கிறான்.
திரும்பி வந்து உட்கார்ந்ததும் சொன்னான்,
"எங்க ஊட்லயும் இன்னிக்குத்தானுங்க்கா தண்ணி."

புதன்கிழமை பள்ளியில் பெற்றோர் சந்திப்பு.
பூபதி பம்ப்செட் கண்காட்சிக்கு ராஜ்கோட்டில்.
எனக்கு நாலாவது கூட்டம்.
சமிக்ஷா தன் மூன்றாம் வகுப்புக் கையெழுத்தில்
டைரியில் எழுதினாள்:
அம்மாவுக்குப் பதில் தாத்தா.
மாமா சலவைச் சட்டை, கழுத்தில் பவுடர்,
டவுன் பஸ்சில் போய்வந்தார்.
கணக்கு டீச்சர் மாறிவிட்டாராம்,
புதுசு நல்லாப் பேசுதாம்.
மார்க்கைக் கேட்க மறந்துவிட்டார்.

அன்று இரவே புது அண்ணன் அழுதான்.
பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல்.
"இவனே தேவலாங் கண்ணு.
பழையவன் அழுதா சிரிக்கற மாதிரியே இருக்கும்."
எனக்குச் சுருக்கென்றது.
நான் எப்படி அழுவேன் என்று
பாத்ரூம் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

வெள்ளி மாலை கீரணத்தத்தில்
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
டிராயரில் கிடந்த செருப்பு, ஸ்பூன்,
என்றோ வினாடி வினாவில் ஜெயித்த கப்,
எல்லாம் ஒரு பிரியாணிக் கடைப் பையில் அடங்கிவிட்டன.
சிக்னலில் நிற்கும்போது டீம் குரூப்பில் ஒரு மீம்,
வடிவேறிய கிரைண்டர் மேல் மேனேஜர் முகம்.
சிரித்து, பதில் போடப் போனால்
என்னை நீக்கியிருந்தார்கள்.

இரவு பதினொன்றரைக்கு அபினேஷ்.
"அக்கா, கோவிச்சுக்காதீங்க.
அந்த எழுநூத்திப் பன்னெண்ட
எடுத்துட்டேனுங்க்கா."

எழுந்து உட்கார்ந்தேன்.
பதினோராயிரம் பேரும் என்னோடு எழுந்து உட்கார்ந்தார்கள்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க்கா.
ரெண்டு நொடி சீக்கிரமா முடிஞ்சுது."

நல்லது என்றேன். போய்த் தூங்கு என்றேன்.
அடுக்களைக் குழாயைத் திறந்தேன்.
சிறுவாணிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது,
தெரியும்.
உள்ளே எங்கோ காற்று புரண்டது.
ஒரு ரெண்டு நொடி
திறந்தே வைத்திருந்தேன்.