முள் உதிர்தல்

பொரளை ஆய்வுகூடத் திரையில்
டிலோஷினி காட்டினாள்:
உருவாகும்போது முழுக்க முள்.
மல்வானை றம்புட்டான் மாதிரி.

செல்லின் உள்வழியில் புளிப்பு ஏற
முள்ளெல்லாம் படுத்துக்கொள்ளுமாம்.
ஒரு நொதி வந்து தொப்பியை நறுக்கும்;
நறுக்கியும் ஒட்டிக்கொண்டிருக்கும்,
வெளியே வந்த பிறகுதான் உதிரும்.
பிறகு வழுவழுப்பு.
பிறகுதான் நோய்.

"பாதியில நிண்டதுகளும் இருக்கு," என்றாள்,
"ஒரு பக்கம் மொட்டை, ஒரு பக்கம் முள்.
அதுகளும் சும்மா இராது."

வெள்ளவத்தை வீட்டுப் பீலியை
நான் கழுவியது நேற்று.
அவரை அங்கொடையில் சேர்த்தது திங்கள்.

ஃபோன்: பிளேட்லட் பத்தொன்பதாயிரம்.

பஸ் தரிப்பில் பத்துப் பழம் வாங்கி
ஒன்றை உரித்தேன்.
வெள்ளையாய் வழுக்கியது.
நகத்திடையில் சிவப்பு மயிர்.
ராஜகிரிய தாண்டியும்
வாயில் போடவில்லை.