உப்புக் கோடு

விமானத்தின் வலப்பக்க இருக்கைகளை எல்லாம் கழற்றிவிட்டோம்.
சன்னலுக்கு ஒரு கேமரா,
கேமராவுக்குப் பின்னால் போர்வை போர்த்திய ஓர் ஆள்.
உள்ளே விளக்கில்லை.
கீழே தென் ஆஸ்திரேலியப் பாலை, அங்கேயும் இல்லை.
கூபர் பீடி பக்கமாய் ஒரே ஒரு லாரி
நெடுநேரம் போய்க்கொண்டே இருந்தது.

வரப்போவது நாற்பத்தொரு நொடி.
அதற்காகப் பதினேழு இரவுகள்
வியாழனைத் துரத்திப் பழகினோம்.
கோர்பினியனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.
யாராவது கூப்பிட்டால்
உடம்போடு திரும்புகிறான், கதவைப் போல.

காற்று உரசிச் சுடுவது ஒரு சூடு.
அதற்கு ஓரளவு கணக்கு இருக்கிறது.
இது வேறு.
நொடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வரும் கலத்தின் முகத்தில்
நசுங்கிய காற்று தானே விளக்காகிவிடும்.
தொடாது. பார்க்கும்.
பார்த்தே எரிக்கும்.
அந்தப் பார்வை எவ்வளவு?
ஆளுக்கொரு சூத்திரம், சூத்திரத்துக்கொரு எண்.
கூட்டிச் சொன்னால் கவசம் கனத்துப்போகும்.
குறைத்துச் சொன்னால்...
அந்த வாக்கியத்தைக் கூட்டங்களில் யாரும் முடிப்பதில்லை.

அதனால் கவசத்திலேயே ஒரு சன்னல் வைத்தோம்,
கட்டைவிரல் நகமளவு.
நீலக்கல். பெயரில்தான் நீலம்,
கண்ணுக்குத் தண்ணீர்.
சூட்டை வாசலில் நிறுத்திவிட்டு
ஒளியை மட்டும் உள்ளே விடும்.
ஸ்டுட்கார்ட்டில் ஒரு பிப்ரவரியில் அதைப் பதித்தவள் விப்கே.
ஏழு முறை ஆல்கஹாலில் துடைத்ததாகக் குறிப்பேட்டில் இருக்கிறது.

வந்தது.
முதலில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி,
பிறகு அந்தக் குச்சி அணைய மறுத்த மாதிரி.
இறக்கையின் நிழல் விமானத்துக்குள் விழுந்து நகர்ந்தது.
மிசுஸு எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள்
இருபதில் ஜப்பானிய மொழிக்கு மாறிவிட்டாள்.
நாற்பத்தொன்றில் மறுபடி இருட்டு.

என் கேமரா, பழக்கதோஷம்,
வியாழனைப் பிடித்துக்கொண்டிருந்தது.
நாற்பத்தொரு நொடியும்.
அப்பழுக்கில்லாத வியாழன்.

மறுநாள் கருகிய கலத்தை லொரேன் தன் வண்டியில் கொண்டுவந்தாள்.
"இதுக்கா இத்தனை பேர் தூங்காம இருந்தீங்க?"
கலத்தின் வயிற்றிலிருந்த பதிவைத் திறந்தோம்.
நைட்ரஜன், ஆக்சிஜன், எதிர்பார்த்த ஊதாப் பட்டை.
நடுவே, யாரும் கூப்பிடாத ஒரு மஞ்சள் கோடு.
ஐந்நூற்று எண்பத்தொன்பது நானோமீட்டர்.
சோடியம்.
விமானக் கேமராக்கள் ஒன்றிலும் அது இல்லை,
சன்னல் வழியே பார்த்த கருவியில் மட்டும்.
ஆக, உப்பு வானத்தில் இல்லை. கண்ணாடியில்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
"உப்புப் பெறாத விஷயம்" என்று எங்கள் ஊர்ப் பேச்சு ஒன்றை
ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.
எடுபடவில்லை.
வெகுநேரம் கழித்து விப்கே சொன்னாள்:
"கையுறை ஓர் இடத்தில் கிழிந்திருந்தது.
மணி ஏழாகிவிட்டது. கடைசி ரயில் இல்லை,
ஆனாலும் வீட்டுக்குப் போகவேண்டும் போலிருந்தது."

திட்டுவதற்கு ஆள் இல்லை.
கழிப்பதற்கு அளவு வேண்டும்.
எவ்வளவு உப்பு என்று தெரியாமல்
எவ்வளவு ஒளி என்று சொல்ல முடியாது.

ஸ்டுட்கார்ட். ஆகஸ்ட். பிளாஸ்மா சுரங்கம்
பக்கத்து அறையில் உறுமத் தொடங்கியிருந்தது.
மிச்சமிருந்த நீலக்கல்லை மேசையில் வைத்து
விப்கே கையுறையைக் கழற்றினாள்.
கட்டைவிரலை ஊன்றி அழுத்தினாள்.
நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு நொடி. அறை வெப்பம் இருபத்தாறு.
"மதியம் என்ன சாப்பிட்டாய்?"
"உருளைக்கிழங்கு சாலட்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

மாலையில் இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தோம்.
பொருந்தின, கிட்டத்தட்ட.
அந்தக் கிட்டத்தட்டவை
எண்ணாக்கித் தரச் சொல்லியிருக்கிறார்கள்,
வெள்ளிக்கிழமைக்குள்.