நான்காம் பட்டி

இரவு இரண்டு மணிக்கு
பகாவ் டவுனில் விழித்திருப்பவர்கள்
செம்பனை ஆலையின் கொதிகலன்காரர்,
ஹம்டான்,
நான்.

கவிழ்த்த வாளியைச் சாணத்தின்மேல் அழுத்தி
இருபது நிமிடம் குந்தியிருப்பேன்.
உள்ளே எழும் காரத்தைக் குழாய் உறிஞ்சிக்
குடுவையில் விடும்.
இளஞ்சிவப்புத் திரவம் மெல்லப் பச்சையாகும்.
எவ்வளவு பச்சை என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சிமெண்டுத் தரையில் இரண்டு பட்டி,
இடுக்குவிட்ட பலகையில் இரண்டு,
மரத்தூளில் இரண்டு.
தீனி எல்லாவற்றுக்கும் ஒன்றே:
செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு, நறுக்கிய மட்டை, உப்பு.
ஆஸ்திரேலியாவில் கப்பலேறிய மாடுகள்
இங்கே சனிக்கிழமைதோறும் தராசில் ஏறுகின்றன.
என் அப்பா சுமந்த பாலை நிறுத்த ஊர் இது.
எடையைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை எத்தனை சோப்பு போட்டாலும்
பண்டாரம் எட்ட நின்றுதான் திருநீறு போடுகிறார்.
நான் மாட்டிறைச்சி தொடுவதில்லை.
அவருக்குத் தெரியும்.
அவர் மூக்குக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம்
நான்காம் பட்டி மட்டும் எகிறியது.
குழாயை மாற்றினேன். அமிலத்தை மாற்றினேன்.
டாக்டர் ஃபௌசியா கருவியைச் சந்தேகித்தார்,
பிறகு மழையை,
பிறகு, மரியாதையாக, என்னை.

ஒரு புதன் விடியலில் பார்த்தேன்.
ஹம்டானின் மோட்டார்சைக்கிளில்
தௌபூ கடைச் சோயாச் சக்கை, இரண்டு வாளி,
ஆவி அடங்காமல்.
417-ஐ மற்றவை தொட்டியருகே விடுவதில்லை.
விலா எண்ணும்படி ஒதுங்கி நிற்கும்.
அதற்கு மட்டும் கொடுத்தால் சண்டை,
அதனால் பட்டிக்கே கொட்டுகிறான்.
"கெசியான்" என்றான்,
லோம்போக்கில் விட்டுவந்த யாரையோ சொல்வதுபோல்.

புரதம் ஏறினால் மூத்திரம் கனக்கும்,
மூத்திரம் கனத்தால் காற்று கரிக்கும்.
பாடம் அவ்வளவுதான்.
படிவத்தில் காரணத்துக்குக் கட்டங்கள் இருந்தன:
கருவிக் கோளாறு. மழை. மற்றவை.
கடைசியில் குறியிட்டேன்.
விவரம் எழுத ஒரு விரற்கடை இடம்.
எழுதவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் லோரி வந்தது.
முந்நூற்றெண்பது கிலோவைத் தாண்டியவை மட்டும் என்றார்கள்.
417 மேடை ஏறியது.
முந்நூற்றெண்பத்திரண்டு.
ஹம்டான் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு ரப்பர் குழாயை இழுத்துவந்து
கழுவிய மேடையையே மறுபடி கழுவினான்.

பட்டி காலி.
அளவை நிறுத்தக் கூடாது என்பது விதி.
வாளி, குழாய், இருபது நிமிடம்.
மரத்தூளுக்கடியில் ஏதோ இன்னும் மூச்சு விட்டது.
ஒன்பதாம் இரவும் பச்சைதான்,
சாயம் போன பச்சை.
பத்தாம் இரவு
குடுவை இளஞ்சிவப்பாகவே இருந்தது.

பூஜ்யம் போட வேண்டும்.
பேனா எழுதாததுபோல்
உதறிக்கொண்டே இருந்தேன்.