கடலில் விழாமல் முந்நூறு கிலோமீட்டர்

இந்தத் தீவில்
நேராகப் போனால் ஐம்பதில் கடல் வந்துவிடும்.
அதனால் வளைய வேண்டும்.
இரண்டரைச் சுற்று என்று கணக்குப் போட்டவள் ரொஸ்னா.
அந்த அரையை மட்டும் நம்பாதே என்றவளும் அவளே.

ஆறு வாரம் பழகினோம்.
சனிக்கிழமைகளில் மண்டாய் மேடு, நான்கு முறை.
மின்தூக்கியில் சைக்கிளைப்
பின்சக்கரத்தில் நிமிர்த்தினால்தான் கதவு மூடும்;
எட்டாம் மாடியில் ஏறும் திரு டான்
வயிற்றை உள்ளிழுத்து அதற்கு இடம் விடுவார்.

சமையலறைத் தரையில் நாளிதழ் விரித்து
பழைய பல்துலக்கியால் சங்கிலியைத் தேய்த்தேன்.
"விளையாட்டுப் பக்கத்தையா விரிச்சே,
நான் இன்னும் படிக்கல" என்றான் அறவாழி.
புளிச்சோறு, ஒன்பது உருண்டை,
வெள்ளித்தாளில் சுற்றி.
உப்பு கொஞ்சம் தூக்கலாக.
அவ்வளவும் வியர்வையில் போய்விடும்.

பகலில் நான் பேருந்து ஓட்டுபவள்.
எண்பது பேரின் எடை
என் வலப்பாதத்தில் ஓர் அழுத்தல்.
இங்கே என் அறுபத்திரண்டு கிலோவுக்கு
இரண்டு காலும் போதவில்லை.

மாலை ஆறுக்கு பிடோக்கில் தொடங்கினோம்.
சாங்கியில் தலைக்கு மேல்
சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது ஒரு விமானம்.
எங்கோ பதின்மூன்று மணி நேரத் தொலைவிலிருந்து வருகிறவர்கள்
எனக்கு முன்னால் வீட்டுக்குப் போவார்கள்.
பொங்கோலில் ரசீது. உட்லண்ட்ஸில் ரசீது.
லிம் சூ காங்கில் கல்லறைகள் தொடங்கியதும்
ரொஸ்னா ஏதோ முணுமுணுத்தாள்.
நான் கியரை மாற்றினேன்.

நூற்றிருபதில் என் புளோக்.
இரவு ஒரு மணி.
பதினோராம் மாடியில் சமையலறை விளக்கை
அணைக்காமல் விட்டிருந்தான்.
அது அன்புதான்.
அந்த நேரத்தில்
காட்டிக்கொடுப்பது போல் இருந்தது.
தலை நிமிராமல் மிதித்தேன்.

விடியுமுன் சுமத்ரா அடித்தது.
மழை மேலிருந்து வரவில்லை,
பக்கவாட்டில் வந்தது.
லிம் சூ காங் சாலையில்
ஒரு பேருந்து நிறுத்தத்தின் கூரைக்குள்
இரண்டு சைக்கிள், இரண்டு பெண்கள், ஒரு நத்தை.
நூற்றெண்பது.
"மூணாவது தடவை இங்க வரும்போது முடிஞ்சுரும்"
என்றாள் ரொஸ்னா, காலுறையைப் பிழிந்தபடி.

அப்போது முதல் பேருந்து.
கையை நீட்டவே இல்லை, நின்றது.
கதவு பெருமூச்சு விட்டுத் திறந்தது.
ஜொகூரிலிருந்து மூன்றரைக்கே எழுந்து வரும் குணாளன்.
"அக்கா! ஏறுங்க... ஓ. சைக்கிளு."
அந்த விதி எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.
எத்தனை பேரை நானே இறக்கியிருப்பேன்,
ஈரத்தோடு, கெஞ்சலோடு.
உள்ளிருந்து வந்தது குளிர்தான்.
இருந்தாலும் வெளிச்சம், இருக்கை, சாய்மானம்.

தன் மைலோ பாக்கெட்டைத் தூக்கிப் போட்டான்.
கதவை உடனே மூடவில்லை.
அட்டவணையில் இல்லாத ஒரு நிமிடம்
எங்களுக்காக எரிந்தது அந்தப் பேருந்து.
பிறகு போனான், தாமதமாக.
அதன் விலை எனக்குத் தெரியும்.

மீதியை எப்படிச் சொல்ல?
துவாஸில் சூரியன்.
ஈஸ்ட் கோஸ்ட்டில் பட்டம் விடும் குழந்தைகள்
வழியில், வழியெல்லாம்.
இருநூற்று எழுபதில் ரொஸ்னாவுக்குப் பஞ்சர்;
டயரைக் கழற்ற என் விரல் மறுத்தது,
அவள் அழுதாள், பிறகு சிரித்தாள்,
ஒன்பதாவது உருண்டையைப் பாதியாகப் பிட்டோம்.

ஒன்று நாற்பதுக்கு அதே நிறுத்தம்.
இங்கே ரசீது தரக் கடையில்லை.
கம்பத்தில் இருந்த எண்ணைப் படமெடுத்தோம்.
கைதட்ட யாருமில்லை.
நத்தையையும் காணோம்.

முந்நூறு முடிந்த இடம்
வீட்டுக்கு நேர் எதிர்க்கரை.
பேருந்து வந்தது, வேறு ஓட்டுநர்,
நான் கையை ஆட்டினேன்: வேண்டாம், போ.

இன்னும் முப்பத்து நான்கு இருக்கிறது,
எந்தக் கணக்கிலும் சேராதது.
தலைக்கவசத்தின் வாரை மாட்டினேன்.