அயலார் பதிவேடு, 1940

செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு
மஞ்சக்குப்பம் ஸ்டேஷனுக்கு வருவாள்.
எதிரி நாட்டார் வாரம் ஒருமுறை
கையெழுத்துப் போடவேண்டும்.
பெஞ்சில் உதிர்ந்த கரையான் மண்ணைத் தட்டிவிட்டு உட்காருவாள்.

பல் டாக்டர். புதுச்சேரிக்கென்று கப்பலேறியவள்.
பாரிஸ் விழுந்த வாரம்
சுங்கச் சாவடியில் மறித்தார்கள், இங்கேயே நின்றுபோனாள்.
பழைய டவுனில் சுண்ணாம்பு மண்டிக்குப் பின்னால்
ஒரே ஒரு நாற்காலி.
பட்டினவர் வாய், மரைக்காயர் வாய், எல்லாம் ஒரே கை.
இன்ஸ்பெக்டர் கடைவாய்ப் பல்லுக்குக் காசு வாங்கவில்லை.
என் தாடையையும் ஒருநாள் கேட்காமலே பிடித்து
வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.
எனக்கு வியர்த்துவிட்டது.

பாஸ்போர்ட்டில் தூண்டில் முள்போல
ஒற்றைச் சிவப்பு எழுத்து.
பெயர்: ஹெட்விக் ஸாரா லோயன்தால்.
"நடுவில் இருப்பது என் பெயரில்லை" என்றாள்.
"எங்கள் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே உத்தரவில்
அரசாங்கம் ஒட்டியது."
இருக்கட்டும் அம்மா,
உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் என் உத்தியோகம்.

ஐப்பசி அடைமழை. கெடிலம் பாலத்தைத் தொட்டு ஓடியது.
அவளும் நானும் லாந்தரும்.
ரைன் ஆற்றங்கரையில் வோர்ம்ஸ் என்று ஓர் ஊராம்.
அவள் ஆட்களின் கல்லறைகள்
எண்ணூறு வருஷத்துக்கு மேலாய் அங்கே
சாய்ந்து சாய்ந்து நிற்கின்றனவாம்.
சிலுவைப் போருக்குக் கிளம்பியவர்கள்
போகிற வழியிலேயே வெட்டினார்களாம்.
துரத்துவார்கள். வரி குறைந்தால் கூப்பிடுவார்கள்.
அம்மா வழி ஃப்ராங்க்ஃபர்ட்: ஒரே தெரு,
இருட்டினால் வெளியிலிருந்து பூட்டு.
கொள்ளைநோய் வந்த வருஷம்
கிணற்றில் விஷம் போட்டதாகச் சொல்லி
ஊர் ஊராக எரித்தார்களாம்.

"எந்தக் கிணறு?" என்றேன்.
"ஊர்ப் பொதுக் கிணறு."
"அதில் உங்கள் ஆட்களும் இறைக்கலாமா?"

கேள்வி புரியவில்லை அவளுக்கு.
நான் விளக்கவும் இல்லை.
மழை கொஞ்சம் விட்டதும் குடையை விரித்துப் போனாள்.

கார்த்திகையில் தந்தி. கேம்புக்கு அனுப்பச் சொல்லி.
வேன் ஏறும்போது ஒரு சின்னப் புட்டி தந்தாள்,
கிராம்புத் தைலம்.
அந்த நாற்காலியைத் தேடித்
தாடை வீங்கிய ஜனம் இன்னும் வருகிறது.

தணிக்கைக்கு வந்த துரை
பதிவேட்டை வெயிலில் நீட்டிப் பார்த்தார்:
அவள் பெயரின் நடுவில்
மை கொட்டி, நாலெழுத்து அளவுக்குக் கறை.
எப்படி என்றார்.
தற்செயல் என்று விளக்கம் எழுதி,
பள்ளியில் சேர்த்த அன்று
அப்பன் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு
வாத்தியார் எனக்கு வைத்தாரே ஒரு பெயர்,
அதைக் கீழே கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தேன்.