பூச்சியத்துக்குக் கீழே

ஓல்டன். சனவரி. அதிகாலை மூன்றரை.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது.
ஆரெ ஆற்றின் மேல் புகையாய் நிற்கிறது குளிர்.
பதினொரு நிமிடம் மின்சாரம் போய் வந்திருக்கிறது;
பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்பு
பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண்சிமிட்டுகிறது.

நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில்,
சாம்பல் நிறப் பெட்டி தானாய் எழும்பிவிட்டது.
சுடுநீர்ப் பம்பு மட்டும் எழும்பவில்லை.
"வழமைதான்" என்கிறார் பராமரிப்பாளர் ஹூர்ட்ஸெலர் அம்மா,
இரவுடுப்பின் மேல் ஓவர்கோட்டோடு.
"கரண்ட் போனால் நான்தான் இறங்கி வந்து
ஒரு தட்டுத் தட்டி பட்டனை அமத்துவேன். ஆறு வருசமாய்."
இரண்டு தரம் பம்பை மாற்றினார்களாம்.
பிறகு குழாயைத் திட்டினார்களாம்.

விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு
ஆர்சி லோக்கலைத் திறக்கிறேன்:
இயந்திரம் விழித்து, முகம் கழுவி,
ஊருக்கெல்லாம் பொதுவான வேலைகளை முடித்தபின்
இந்த வீட்டுக்கென்று சொல்லிவைத்த
நாலு வார்த்தையைக் கேட்கும் இடம்.

இயக்க அனுமதி இருக்கிறது.
முப்பது விநாடி பொறு, வலையமைப்பு சோம்பேறி. சரி.
மணியை நேரப்படுத்து. சரி.
எக்ஸிட் பூச்சியம்.

அதற்குக் கீழே, ஒரு வெற்று வரி விட்டு:
பம்பைத் தொடக்கு.
பக்கத்தில் ஜெர்மனில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். நாளை ஒழுங்காய்ச் செய்வேன்.
ட்சூர்பூகென், 2017.

போயிட்டு வாறன் என்று கதவைச் சாத்தியபின்
படியில் நின்று சொன்ன சொல்.
யார் காதில் விழும்?

பூச்சியம் என்றால் இங்கே குறை இல்லை என்று பொருள்.
பம்பு செத்துக் கிடந்த ஒவ்வோர் இரவும்
பெட்டி அதைத்தான் சொல்லியிருக்கிறது.
எனக்கும் பழக்கமான பதில்.
"என்னடி, குரல் ஒருமாதிரி?" என்று அக்கா கேட்டால்
ஒண்டுமில்லை என்பேன்.
சொல்ல இருந்ததெல்லாம் அதற்குக் கீழே.

வரியை வெட்டி மேலே ஒட்டினேன்.
பெட்டியை மறுபடி தொடக்கினேன்.
ஹூர்ட்ஸெலர் அம்மா தன் பாசையில் எண்ணினார்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
நாற்பதைத் தாண்டியது. நான் ஆளைப் பார்க்கவில்லை.
பிறகு சுவருக்குள் எங்கோ ஓர் உறுமல்,
குழாய் ஒன்று சோம்பல் முறித்தது.

தட்டுவதற்கு ஓங்கிய கையை
அவர் மெல்லக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
"அப்ப என்ன பிழை?"
"பிழையில்லை. இடம்தான்."

தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் நான் அழிக்கவில்லை.
என் அட்டையிலும் அது
ஒன்பது வருசம் இருந்தது.